குரூப்ல போட்டுட்டா சொன்ன மாதிரி ஆயிடுமா?

ராத்திரி 11:20-க்கு எங்க ஷூ கம்பெனி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டாங்களாம். 'நாளையிலிருந்து ஷிஃப்ட் 7:30'. அந்த குரூப்ல யார் யார் இருக்காங்க? மேனேஜர், ஹெச்.ஆர்., சூப்பர்வைசருங்க. மிஷின்ல உக்காந்து தைக்கிற ஒருத்தர்கூட இல்ல. காலையில காட்பாடியில ஏறினோம், கம்பெனி பஸ் வழக்கம்போல 8:20-க்கு ராணிப்பேட்டையில எறக்கி விட்டுது. பஸ் அவங்களோடது, டிரைவர் அவங்க ஆளு, அவருக்கே தெரியாது! பஸ்ல வந்த எல்லாருக்கும் அரை நாள் கட். கேட்டா, "குரூப்ல போட்டாச்சே, பாக்கலையா?"

பாதிப் பேர் கையில பட்டன் போனுங்க சார்.

இது மேலேருந்து கீழ வர்ற லட்சணம். கீழேருந்து மேல போறது இன்னும் மோசம். நான் செக்கிங்ல இருக்கேன். போன திங்கக்கிழமை சாம்பிளைப் பக்கத்துல வச்சுப் பாத்தா நூல் ஷேடு வேற. அப்பவே சூப்பர்வைசர்கிட்ட போனேன். "சொல்றேம்மா, நீ போய் வேலையப் பாரு." அவர் சொல்லல. சொன்னா லைன் நிக்கும், டார்கெட் போகும், திட்டு அவருக்கு. வியாழக்கிழமை விஷயம் வெளிய வந்துச்சு. நூல் மாத்தச் சொல்லி, சரக்கு வாங்கற பையர் மெயில் போட்டு பத்து நாள் ஆச்சாம், ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்திருக்கு, லைனுக்கு மட்டும் வரல. துணியா இருந்தா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல ஊசி போன ஓட்டை போனதுதான். ஷூவோட மேல்பாகம், அப்பர்னு சொல்வோம், அது 600 ஜோடி வீண். அத்தொட்டு யாருக்கு மெமோ? செக்கிங்குக்கு!

மெமோ கொடுத்தவர்கிட்ட, "நான் திங்கக்கிழமையே சொன்னேனே சார்"னேன். "எழுதிக் கொடுத்தியா?"ன்னு கேக்கறாரு. மனுஷன் வாயத் திறந்து சொன்னா அது கணக்குல இல்லயாம். நடுராத்திரி மெசேஜ் மட்டும் கணக்காம்.

நம்ம வேலூர்க் கோட்டைக் கதைதான் ஞாபகம் வருது. 1806 மே மாசமே சிப்பாய்ங்க புதுத் தலைப்பாகை வேணாம்னு நேரா சொன்னாங்க. கசையடி கிடைச்சுது. ஜூன்ல முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய், கலகம் வரப்போகுதுன்னு வெள்ளைக்கார அதிகாரிகிட்டயே போய்ச் சொன்னார். பைத்தியம்னு அவரைப் புடிச்சு அடைச்சு வச்சாங்க. ஜூலை 10 விடியறதுக்குள்ள கோட்டையே ரத்தம். நான் யாரையும் மிரட்டல சாமி, நூல் கலருக்கு எவனும் துப்பாக்கி தூக்கப் போறதில்ல. ஆனா சேதி சொன்னவன மொதல்ல உள்ள தள்ளற பழக்கம் மட்டும் இந்த 200 வருஷத்துல மாறல.

சாயங்காலம் பஸ் ஏறும்போது சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், "நாளைக்கு எத்தினி மணிக்கு சார் வரணும்?"

"இன்னும் முடிவாகலம்மா. குரூப்ல போடுவாங்க."