போனது திரும்பாத யோயோ

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது யோயோ, கயிற்றில் கீழே போய் மேலே ஏறி வரும் அந்தச் சுழல் பொம்மை. மூன்றும் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே நடைபாதைக் கடையில் வாங்கியவை, மூன்றும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை, மூன்றுக்கும் பணம் என்னுடையது. நேற்று மாலை மூன்றாவதும் கடலோடு போயிற்று. அதுவும் முழுதாகப் போகவில்லை, பாதிதான் போயிற்று என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலாவதன் விலை அறுபது ரூபாய். சுழன்றால் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும். விளக்கு எரிந்ததே தவிர யோயோ ஆடவில்லை. ஏனென்றால் கயிற்றை நடு அச்சில் முடிச்சுப் போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். யோயோவின் உயிர்நாடியே, கயிறு அச்சில் கட்டப்படாமல் முறுக்கிய வளையமாக அதைச் சுற்றி நிற்பதுதான். அப்படி நின்றால்தான் கீழே போன யோயோ உடனே மேலே ஏறாமல் அங்கேயே நின்று சுழலும், வித்தை எல்லாம் அதன் பிறகுதான். பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ ஃபுளோரெஸ் 1928-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் யோயோ தயாரிக்கத் தொடங்கியபோதே இப்படித்தான் செய்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, விளக்கும் மின்கலமும் வைக்கத் தெரிந்தவர்களுக்கு முடிச்சுப் போடாமல் விடத் தெரியவில்லை.

இரண்டாவது நூற்றைம்பது ரூபாய், பளபளவென்று அலுமினியம், நடுவில் பேரிங். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகன் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை அதை வீசினான். கீழே போயிற்று, அழகாகச் சுழன்றது, செத்த எலியைப் போல் தொங்கியது, மேலே மட்டும் வரவேயில்லை. "வெடுக்கென்று இழுடா" என்று நான் வேறு அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கடைக்காரரிடம் கேட்டால், "அது அப்படித்தான்க்கா, கை பழகணும்" என்றார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. அகலமான பேரிங் வைத்த யோயோ இழுத்தால் வராது. கயிற்றை மடித்து இடுக்கில் கொடுத்துப் பிடிக்கவைத்தால்தான் ஏறும், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பதினொரு வயதுப் பையனின் முதல் யோயோவுக்கு அது ஆகாது என்று அட்டையில் ஒரு வரி போட்டிருக்கலாம். அட்டையில் இருந்ததெல்லாம் ஒரு பையனும் அவனைச் சுற்றி நெருப்பும்தான். அதையும் அவன் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துப்போய், பேரிங்கில் மணல் புகுந்து, மிளகு அரைக்கும் ஓசையோடு அதன் கதை முடிந்தது.

ஆகவே மூன்றாவதை நான் படித்துவிட்டு வாங்கினேன். கயிறு கட்டப்படவில்லை என்று பார்த்தேன், இழுத்தால் வருகிறது என்று பார்த்தேன், நூற்றெண்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை உள்ளே விடாததால் கடற்கரைச் சாலைதான் ஏற்ற இடம் என்று காந்தி சிலைக்கு அருகில் போய் நின்றோம். முதல் வீச்சு நன்றாகப் போய்த் திரும்பியது. இரண்டாவது வீச்சில் அது கீழே நின்று சுழன்றபோது பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை கைதட்டியது. மூன்றாவது வீச்சில் 'கடக்' என்று ஒரு சத்தம். பையனின் விரலில் வெறும் கயிறு தொங்கியது, திருகாணியோடு ஒரு பாதி அவன் காலடியில் விழுந்தது, மற்றப் பாதி தன் வாழ்நாளில் கிடைத்த முதல் சுதந்திரத்தைக் கொண்டாடப் புறப்பட்டது. சுண்டல்காரரின் கூடையைச் சுற்றிக்கொண்டு, செல்ஃபி எடுத்த இருவருக்கு இடையில் புகுந்து, சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவரின் பூட்ஸை நோக்கிப் போயிற்று. அவர் அதைக் குனிந்து பிடிக்கலாம் அல்லவா? விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல் மரியாதையாகக் காலைத் தூக்கினார். அது அவரைக் கடந்து, தடுப்புச் சுவரின் இடுக்கு வழியாக, இத்தனை நீளக் கடற்கரையில் அந்த ஓர் இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து, கருங்கற்களுக்கு நடுவே விழுந்தது. ஓர் அலை வந்தது. அவ்வளவுதான்.

கையிலிருந்த பாதியைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. இரண்டு பாதிகளையும் பிடித்துவைப்பது அந்த ஒரே திருகாணிதான். அது இறங்கும் மரையை வெறும் பிளாஸ்டிக்கில் வெட்டியிருக்கிறார்கள், எதிர்ப்பக்கத்து மரை தூளாகி ஆணியின் நுனியில் ஒட்டியிருந்தது. கடையைக் கட்டுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று பையனை இழுத்துக்கொண்டு காந்தி வீதிக்கு ஓடினேன். கடைக்காரர் அந்தப் பாதியை விளக்கு வெளிச்சத்தில் மருத்துவரைப்போலத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு பாதி எங்கக்கா? எடுத்தாந்தா மாட்டித் தரேன்" என்றார். வங்காள விரிகுடாவில் இருக்கிறது, போய் எடுத்துவரட்டுமா?

சீனாவில் செய்தது என்பதற்காக நான் திட்டவில்லை. மேஜிக்யோயோ போன்ற சீனத் தயாரிப்பாளர்கள் மலிவு விலையிலேயே உருப்படியான உலோக யோயோக்களைச் செய்கிறார்கள். நான் திட்டுவது பெயரும் முகவரியும் இல்லாமல் நெருப்புப் படத்தோடு வரும் இந்த அநாமதேயச் சரக்கை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நான் வாங்கிய மூன்றிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அது இல்லை. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் ஏறியது. அத்தனை வரியையும் கட்டி, கடல் கடந்து, விளக்கும் பொருத்தி, அறுபது ரூபாய்க்கு ஒரு பொருள் என் கைக்கு வருகிறது என்றால், அதன் மரையில் எத்தனை காசு செலவிட்டிருப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இதில் கயிற்றின் கதை வேறு. யோயோவில் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள் அதுதான், மூன்று பெட்டியில் ஒன்றில்கூட மாற்றுக் கயிறு இல்லை. நேரு வீதியில் கேட்டால் ஒருவர் பட்டம் விடும் நூலைக் காட்டுகிறார், இன்னொருவர் பாவாடை நாடாவைக் காட்டுகிறார். கயிற்றையும் அச்சையும் கழற்றிப் பார்க்கவிடும் கடையில் மலிவு யோயோவைத் தாராளமாக வாங்கலாம். அட்டையைப் பிரிக்கக் கூடாது என்பவரிடம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடலூரிலிருந்து தொலைபேசி. அந்த மீதிப் பாதியைத் திருகாணி தரையில் படும்படி விரலால் சுண்டிவிட்டால் பம்பரம்போல் நிற்கிறதாம். நாற்பது எண்ணும்வரை சாயவில்லையாம். நூற்றெண்பது ரூபாய்ப் பம்பரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட பையன், "அத்தை, இன்னொண்ணு வாங்கிக் கழட்டினா ரெண்டு பம்பரம் கிடைக்கும்ல?" என்கிறான். ஆணி ஒரு பாதியில்தான் தங்கும் என்று கால்மணி நேரமாக அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.