பேப்பர் இல்லாத பிள்ளைகள் அமெரிக்காவில் காலேஜ் போக முடியாதா?

"அமெரிக்காவில் குடியேற்ற ஆவணம் இல்லாத மாணவர்கள் காலேஜில் சேர்வதே குற்றம், அப்ளிகேஷன் போட்டாலே நாடு கடத்திவிடுவார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, இதை நம்பி யாரும் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

இவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசுச் சட்டம் எதுவும் இல்லை. தடை சில மாநிலங்களில்தான். அலபாமா, தென் கரோலினா அரசுக் கல்லூரிகளில் இடம் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் கதையே வேறு. 2001-இல் வந்த ஏபி 540 சட்டப்படி, அங்கே மூன்று வருடம் படித்து உயர்நிலைப் பள்ளியை முடித்தவர், ஆவணம் இல்லாவிட்டாலும், உள்மாநில மாணவர் கட்டும் குறைந்த கட்டணத்தையே கட்டலாம். 'கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட்' என்ற இன்னொரு சட்டப்படி விண்ணப்பம் போட்டு மாநில உதவித்தொகையும் கேட்கலாம். டெக்சாஸிலும் கட்டணச் சலுகை இருந்தது, 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோனது. அதனால் உங்கள் மாநிலத்தின் இன்றைய நிலையைப் பாருங்கள்.

சரி, பணம்? மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையும் கல்விக்கடனும் இவர்களுக்குக் கிடையாது, அது உண்மைதான். வகுப்பே உட்கார்ந்து ஃபாஃப்சா (அந்த மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) படிவம் நிரப்புகிறதே என்று நீங்களும் "அமெரிக்கக் குடிமகன்" கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். அந்த ஒரு பொய் பின்னாளில் கிரீன் கார்டு வாய்ப்பையே அடைத்துவிடும்.

அப்புறம் அந்த நாடு கடத்தல் பயம். படிக்கும் மாணவரின் பதிவேடுகளை அவர் சம்மதமில்லாமல் கல்லூரி வெளியே கொடுப்பதற்கு 1974-இன் ஃபெர்பா சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆனால் நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளில் அது காப்பாற்றாது.