வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கடன் எந்தப் பாடத்தில் வரும்?

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் விலை நிர்ணயம் பற்றிப் பேசும் இடம் வந்தாலே எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் நெல்தான். அப்பா சம்பாவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். விலையை அரசாங்கம் முன்பே அறிவித்திருக்கும். தனியார் வியாபாரி களத்துக்கே வந்தாலும் விலை சொல்வது அவர்தான். விற்கிறவர் விலை வைப்பார் என்பதை அந்த வீடு கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தப் பிள்ளைக்கு "விலை நிர்ணயத்தைப் பாதிக்கும் காரணிகள்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்யும், தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் என் கட்சி இதுதான். முதலில் ஒரு நிறுவனம் எடுத்த முடிவைச் சொல்லுங்கள், இலக்கணம் பிறகு வரட்டும். அதையும் முதலாளி புராணமாகச் சொல்லாதீர்கள். முடிவெடுத்த அன்றைக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது, எதை விட்டுவிட்டு இதைப் பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

சிக் ஷாம்புவை எடுத்துக்கொள்வோம். கடலூரில் 1983இல் 15,000 ரூபாயோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கியது, இன்றைய கெவின்கேர். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைக்கும் யோசனை அவருடையது இல்லை, அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்திலேயே வந்துவிட்டது. மகன் விளையாடியது விலையில். 1999இல் ஒரு பாக்கெட் 50 பைசா என்று கொண்டுவந்தார். செலவைக் கூட்டி லாபத்தைச் சேர்த்தால் இப்படி ஒரு நாணயத்தில் கச்சிதமாக வந்து நிற்காது. நடவு முடிந்து வரும் பெண் பெட்டிக்கடையில் யோசிக்காமல் எடுத்து வைக்கும் காசு அது. அந்தக் காசுக்குள் ஷாம்பு, உறை, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் அடங்கியாக வேண்டும்.

அவர்களுடைய இன்னொரு முடிவு எனக்கு இதைவிடப் பிடிக்கும். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். முதல் கட்டத்தில் போட்டியாளரின் வாடிக்கையாளர் கைக்கு ஷாம்பு போனது. இரண்டாவது கட்டத்தில் அவர் இங்கேயே நின்றுவிட்டார். விற்பனை மேம்பாடு என்று பாடத்தில் நாலு வரியில் முடிகிற விஷயம் இது. இரண்டாவது கட்டத்துக்கு எப்போது தாவுவது என்று அவர்கள் எப்படித் தீர்மானித்திருப்பார்கள் என்று கேட்டால் வகுப்பே சண்டை போடும். (அந்தப் பாக்கெட்டுகளின் வாரிசுகள் எல்லாக் கம்பெனிப் பெயரிலும் இன்றைக்கு வாய்க்கால் மதகுகளில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. சமூகப் பொறுப்பு வேறு பாடத்தில் வருவதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை.)

விலையை முதலில் வைத்துவிட்டுப் பொருளைச் செய்தால் ஜெயித்துவிடலாமா? டாடா நானோவும் அப்படிப் பிறந்ததுதான். ஒரு லட்சம் ரூபாய் என்று முடிவு செய்துவிட்டுக் காரை உருவாக்கினார்கள். 2009இல் சந்தைக்கு வந்தது, 2018இல் உற்பத்தி நின்றுபோனது. தாமதம், தொழிற்சாலையை மேற்கு வங்கத்துச் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சனந்துக்கு மாற்றியது, சில வண்டிகள் தீப்பிடித்தது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் மலிவான கார் என்று பெயர் விழுந்ததும், தாங்களே அப்படிச் சொல்லி விற்றதும் தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஷாம்பு என்ன விலை என்று தலையைப் பார்த்து யாருக்கும் தெரியாது. காரோ ஊர் பார்க்க வாங்குவது. கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறவரிடம் "இதுதான் ரொம்ப மலிவு" என்றால் எடுபடுமா?

சரி, வளர்ச்சிக்கு வருவோம். இங்கேதான் எங்கள் ஆற்றங்கரையே நல்ல பாடமாக இருக்கிறது. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய கும்பகோணம் வங்கி இன்றைக்கு சிட்டி யூனியன் வங்கி. கரூரில் 1926இல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் உள்ளூர் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவை. பிறகு லட்சுமி விலாஸ் வங்கி பெரிய கார்ப்பரேட் கடன்கள் பக்கம் சாய்ந்தது. நூறு கடைக்காரர்களைப் பார்த்துக் கொடுப்பதை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடலாம், கணக்குப் புத்தகம் வேகமாகப் பெருக்கும். வராக்கடன் ஏறி 2020 மார்ச்சில் மொத்தக் கடனில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்த நவம்பரில் வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில் வங்கி, சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ்ஸின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கும்பகோணம் வங்கி இன்றைக்கும் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கே கடன் கொடுக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. கிளைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான், இங்கே வியாபாரம் படுத்தால் வங்கியும் வாடும். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்றும் பாடம் சொல்கிறது, தெரிந்த தொழிலை விட்டுப் போகாதே என்றும் அதே பாடம் சொல்கிறது. இரண்டும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வரும்போது எதைக் கேட்பது என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டாமா? கொடுத்த கடன் ஆண்டறிக்கையில் வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கடன் எங்கேயும் வராது. ஒரு வங்கியின் கெட்டிக்காரத்தனத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்படி நடத்தினால் மதிப்பெண் போய்விடும் என்கிறார்கள். விடைக்குறிப்பில் இருக்கிற பாயிண்ட் இருந்தால்தான் மதிப்பெண், உண்மைதான். பாயிண்ட்டை எழுதிவிட்டு அதன் கீழே ஒரு நிறுவனத்தின் முடிவை இரண்டு வரியில் எழுதினால் யாரும் குறைக்கப் போவதில்லை. அதற்குமேல் இந்த வாதத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு இப்போது தேவை இன்னும் கிட்டத்து உதாரணங்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று எழுதுங்கள்: அரசுக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுப்பதோடு நிற்பதா, சொந்தப் பெயர் அச்சடித்த பையில் போட்டுக் கடைக்கு அனுப்புவதா என்று எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தீர்கள்? பெயர் வேண்டாம் என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், பெயரில்லாமலே வகுப்பில் சொல்கிறேன்.