எல்1-இல் ஈர்ப்பு சமமாவதில்லை

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வரி கூடவே வந்துவிடுகிறது: “சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சமமாகிற இடம், அதனால் விண்கலம் அங்கே அப்படியே நிற்கும்.” தொலைக்காட்சியில் சொன்னார்கள், யூடியூபில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் இருந்தால் நடுவில் கட்டிய துணி நகராது, அந்தப் படம்தான் எல்லார் மனதிலும். ஒரே வரியில் இரண்டு பிழை.

முதல் பிழை வெறும் கணக்கு. எல்1 என்கிற அந்தப் புள்ளி இருப்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி. அங்கே சூரியனின் இழுப்பு பூமியின் இழுப்பைப்போல 30 மடங்குக்கும் மேல். இரண்டும் உண்மையிலேயே சமமாகும் இடம் ஏறத்தாழ 2.6 லட்சம் கி.மீ.யிலேயே வந்துவிடும். நிலாவே அதற்கு அப்பால்தான் இருக்கிறது. (ஆமாம், நிலாவைப் பூமியைவிடச் சூரியன்தான் இரு மடங்குக்கு மேல் இழுக்கிறது. நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.)

இரண்டாவதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. சரி, சமம் என்றே வைத்துக்கொள்வோம். நிகர விசை பூஜ்யம். அதனால் கலம் நின்றுவிடுமா? பூமியோடு சேர்ந்து அதுவும் நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. விசையே இல்லையென்றால் வேகமும் மாறாது, திசையும் மாறாது. நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பூமியோ வளைந்து திரும்பும். ஒரே மாதத்தில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 கோடி கி.மீ. இடைவெளி விழுந்துவிடும். நியூட்டனின் முதல் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கிற நாம், விசை இல்லாவிட்டால் பொருள் நின்றுவிடும் என்றுதான் உள்ளுக்குள் இன்னும் நம்புகிறோம்.

உண்மையில் நடப்பது இதைவிட அழகு. பூமியைவிடச் சூரியனுக்கு 1 சதவீதம் நெருங்கினால் (எல்1 இருப்பது அங்கேதான்), சூரியனின் ஈர்ப்பு அங்கே 2 சதவீதம் வலுவாக இருக்கும். பூமி என்ற ஒன்றே இல்லையென்றால் அங்கே சுற்றும் பொருள் சுமார் 360 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஆனால் நமக்கு வேண்டியது பூமியோடு கூடவே, ஆண்டுக்கு ஒரே சுற்று. வட்டம் கொஞ்சம் சிறியது என்பதால் அதற்கு 1 சதவீதம் குறைவான இழுப்பே போதும். இருப்பது 2 கூடுதல், தேவை 1 குறைவு. அதிகப்படியான அந்த 3 சதவீதத்தைத்தான் பூமி எதிர்ப்பக்கம் இழுத்துக் கழிக்கிறது. மீதி இழுப்பு முழுவதும் கலத்தின் பாதையைச் சூரியனை நோக்கி வளைத்துக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், ஆதித்யா அந்தப் புள்ளியில் உட்காரவும் இல்லை. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் எல்1-ஐச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. ஒரு சுற்றுக்குச் சுமார் 178 நாள். அந்தச் சமநிலை நிலையற்றது. கொஞ்சம் விலகினாலும் விலகல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், அவ்வப்போது உந்துபொறியை இயக்கித் திருத்துகிறார்கள். நிற்கிற பொருளுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

“சாதாரண மக்களுக்கு இவ்வளவு போதும்” என்று சொல்வார்கள். அப்படியென்றால், “பூமியோடு கூடவே ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வர வாகான இடம்” என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அதற்கும் ஒரு வரிதான் ஆகும்.