மெடிக்கல் போர்டுக்கு முன்பே உதவிக்குப் போங்கள்

பட்டாளத்தில் உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். சங்கங்கள் இருக்கின்றன, வக்கீல்கள் இருக்கிறார்கள், மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆனால் அந்த உதவி வந்து சேரும்போது பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கிறது. பணியில் உடல் பாதிக்கப்பட்டதற்கான டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று ரெக்கார்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் எல்லோரும் ஓடுகிறோம். விஷயம் தீர்மானமானதோ அதற்குப் பல மாதம் முன்பு, பணி முடியும் தறுவாயில் ராணுவ டாக்டர்கள் உடலைச் சோதித்து எழுதும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில். அன்றைக்கு அந்த ஜவானுக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரும் இல்லை.

நான் ராணுவத்தில் கிளார்க் டிரேடில் இருந்து பென்ஷன் வந்தவன். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவே குறைவு. காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் ஒரு பிளாஸ்டிக் கவரில் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, மெடிக்கல் பேப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். முழங்கால் போனவர், காது மந்தமானவர், முதுகுத் தண்டில் அடிபட்டவர், பிரஷர் மாத்திரையோடு வந்தவர். ஆளுக்கு ஒரு நோய் என்றாலும் காகிதத்தில் இருக்கும் ஓட்டை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அந்த போர்டு இரண்டு விஷயங்களைத்தான் எழுதுகிறது. உடல் எத்தனை சதவீதம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பாதிப்பு பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா என்பது இன்னொன்று. பணிக்காலம் முடிந்து சாதாரணமாக வெளியே வருபவருக்கு இரண்டும் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் கிடையாது. 40 சதவீதமே போட்டிருந்தாலும், பணியால் வரவும் இல்லை, மோசமாகவும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதுவும் கிடையாது. அந்த வரியைத்தான் பட்டாளத்தில் சுருக்கமாக ‘நானா’ என்பார்கள். டிசெபிலிட்டி கேஸ்களில் பாதி உயிர் அந்த ஒரு வரியில் போகிறது.

பணத்தில் இதன் அர்த்தம் என்ன என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். முழு நூறு சதவீதத்துக்கு டிசெபிலிட்டி எலிமென்ட், அதாவது பாதிப்புக்காகத் தரும் தொகை, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணக்கில் வரும் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதப் பாதிப்புக்கு மாதம் 2,400 ரூபாய். அதையே 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட்டால் (அந்த முறையைப் பின்னால் சொல்கிறேன்) 6,000. இதற்கு மேல் அகவிலை நிவாரணம், அதுவும் வாழ்நாள் முழுக்க. ஹவில்தாராக வந்து செக்யூரிட்டி வேலைக்குக்கூட நிற்க முடியாத ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

சரி, போர்டில் ஏன் தோற்கிறார்கள்? பட்டாளம் நம்மைப் பழக்கிய விதம்தான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனநிலை, செவி, கைகால், உடல்திறன், பார்வை என்று ஐந்தையும் பார்த்து ‘ஷேப் ஒன்’ என்ற முழு உடல்தகுதித் தரம் கொடுக்கிறார்கள். அதிலிருந்து இறங்கினால் ‘கேட்டகிரி ஆகிவிட்டான்’ என்று பெயர். கேடர் என்கிற பதவி உயர்வுப் பயிற்சிக்குப் போவது, புரமோஷன், நல்ல போஸ்டிங் எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். அதனால் இருபது வயதுப் பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எம்.ஐ. ரூம் என்கிற யூனிட் மருத்துவ அறைக்குப் போகாமல், கேன்டீனில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு மறுநாள் பி.டி.க்குப் போய் நிற்கிறான். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காதில் ரீங்காரம் கேட்பவன் யாரிடமும் சொல்வதில்லை. பனிமலையில் மூச்சு முட்டியவன் கீழே இறங்கியதும் மறந்துவிட்டதாக நடிக்கிறான். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தின் சோறு அந்தக் கேட்டகிரியில் இருக்கும்போது அவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் பதினேழு, இருபது வருஷம் கழித்து போர்டு உட்காரும்போது, ‘முதலில் எப்போது, எங்கே சிகிச்சை எடுத்தாய்?’ என்றுதான் கேட்கிறது. பதில் சொல்லக் காகிதம் இல்லை.

அப்புறம் அந்தப் படிவம். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16. அதன் முதல் பகுதி டாக்டர் எழுதுவதில்லை, நாமே கொடுக்கும் வாக்குமூலம். எங்கெங்கே பணி செய்தாய், நோய் எப்போது எங்கே ஆரம்பித்தது, சேர்வதற்கு முன்பே இருந்ததா, பணியில் நடந்த எந்தச் சம்பவத்தால் வந்தது அல்லது அதிகமானது என்று நினைக்கிறாய், காயம் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட் போட்டார்களா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கின்றன. நம் வாயால் நம் கதையைச் சொல்ல அரசாங்கம் கொடுத்த இடம் அது. என்னிடம் வரும் காகிதங்களில் அந்தச் சம்பவக் கேள்விக்கு எதிரே பெரும்பாலும் ‘நில்’ (Nil), அதாவது ‘எதுவும் இல்லை’ என்று இருக்கும். யாரோ ஒரு தம்பி வரிசையாக எல்லோருக்கும் ‘நில்’ எழுதிக் கொடுக்க, நம் ஆள் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். லே, சியாச்சின், வடகிழக்குக் காடு என்று சுற்றியவரின் படிவத்தில்கூட அப்படித்தான்.

டாக்டர் முன்னால் நடப்பதும் இதேதான். ‘கோயி தக்லீஃப்?’ (ஏதாவது கஷ்டம் உண்டா?) என்று இந்தியில் கேட்பார். ‘நஹீன் சாப்’ (இல்லை ஐயா) என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வருஷக்கணக்காக அப்படிச் சொல்லித்தானே பழக்கம். அதனால் போர்டுக்குப் போகும் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான்: மிகைப்படுத்தாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். நல்ல நாளில் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது கெட்ட நாளில் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். நடிப்பை டாக்டர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் உண்மையாகவே இருக்கிற வலியும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

மனம் சம்பந்தப்பட்ட கேஸ்களில் மனைவியிடம் கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து கத்துவது, பிள்ளைகள் பட்டாசு வெடித்தால் உடம்பெல்லாம் நடுங்குவது, யாரோடும் பேசாமல் நாள்கணக்கில் மாடியிலேயே இருப்பது, இதையெல்லாம் அவர் சொல்லமாட்டார். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லை’ என்பார். அந்த அம்மாதான் சமையலறை வாசலில் நின்றபடி மெதுவாகச் சொல்வார்கள். லீவுக்கு வரும்போதே இதைக் கவனித்தால் எந்த மாதத்திலிருந்து, எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டரிடம் தேதியோடு காட்டும் நோட்டுக்கு மதிப்பு உண்டு.

காகிதம் சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயம் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட்டும், கோர்ட் ஆஃப் என்கொயரி என்கிற ராணுவ விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவும் உயிர்நாடி. விளையாட்டுப் போட்டியில், பி.டி.யில், டியூட்டி வண்டியில் அடிபட்டதற்கு அன்றைக்கே ரிப்போர்ட் போடவில்லை என்றால், பிறகு கூட இருந்தவர்களின் வாக்குமூலத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இதய நோய் என்றால் அது வருவதற்கு முந்தைய 14 நாட்களில் என்ன டியூட்டி செய்தார் என்பதைப் பார்க்கிறார்கள். அந்த விவரத்தை யூனிட்தான் தர வேண்டும். யூனிட்டிலோ ‘வழக்கமான பணி’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இரவு கார்டு, லாங் ரேஞ்ச் பட்ரோல், கான்வாய் எல்லாம் அதில் வந்திருக்க வேண்டும். இதை நான் பழைய கிளார்க்காகச் சொல்கிறேன்: கமாண்டிங் ஆபீசர் கையெழுத்துப் போடுவார், ஆனால் அந்த வரியைத் தட்டச்சு செய்வது நம்மைப் போன்ற ஒருவன்தான். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் தம்பிகள் தயவுசெய்து அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழியுங்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லையா என்றால், இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகள், சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை என்றால் ஆள் நல்ல உடல்நலத்தோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றன. நிரூபிக்கும் பொறுப்பை ஜவானின் தலையில் வைக்கக் கூடாது, நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்குத்தான் என்றன. சிக்னல்ஸ் பிரிவில் 1985இல் சேர்ந்த தரம்வீர் சிங்கை வலிப்பு நோய்க்காக 1994இல் வெளியே அனுப்பினார்கள். பிறவியிலேயே உள்ள குறை, பணிக்குச் சம்பந்தமில்லை என்று போர்டு எழுதியது. காரணம் எதுவும் எழுதாத அந்தக் கருத்தை ஏற்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2008இல் வந்த விதிகளில் வாசகங்கள் இறுகின. ஆனால் வழக்கமான நிலையில் நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர்மேல் இல்லை என்பது அங்கேயும் இருந்தது. பணி முடிந்து 15 வருஷத்துக்குப் பிறகு கோரினால்தான் சுமை அவர்மேல் வரும். அதனால் தள்ளிப்போடாதீர்கள் என்று வயதானவர்களிடம் கெஞ்சிச் சொல்கிறேன்.

இவ்வளவு இருந்தும் காரணம் இல்லாத ஒற்றை வரி இன்னும் என் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவருக்கு ஒரு போர்டில் எழுதியது, ‘பீஸ் ஸ்டேஷனில் (எல்லையிலிருந்து விலகிய அமைதியான முகாமில்) ஆரம்பித்தது, ஆகவே பணியால் அல்ல’ என்று. அவர் அந்த ஸ்டேஷனுக்கு வந்தது அடுத்தடுத்து கடினமான களப் பகுதிகளில் இரண்டு ஃபீல்டு போஸ்டிங் முடித்த பிறகு. நோய் தேதி பார்த்தா வெளியே வருகிறது? ஒரு மனிதரின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பக்கத்தில் நான்கு வரி காரணம் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா?

மறுத்துவிட்டால் உள்ள வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. போர்டு நடவடிக்கையின் நகல் கையில் இல்லை என்றால் ஆர்.டி.ஐ. போட்டு வாங்குங்கள், அது இல்லாமல் அப்பீல் எழுதாதீர்கள். தாமதமாகப் போனதால் கடைசி மூன்று வருஷ நிலுவையோடு நிறுத்திய வழக்குகள் உண்டு. 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்தும் முறை, முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், பலர் தீர்ப்பாயத்தின் படியேறித்தான் அதை வாங்குகிறார்கள். இன்னொன்று: ‘வருகிற அரியர்ஸில் இவ்வளவு சதவீதம் எனக்கு’ என்று கேட்கும் ஏஜென்டிடமும் வக்கீலிடமும் போகாதீர்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியிலேயே தடை செய்யப்பட்ட விஷயம்.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். டிசெபிலிட்டி பென்ஷனைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், ஓய்வுக்கு முந்தைய வருஷம் திடீரென்று நோய் முளைக்கிறது என்கிறார்கள். 2023இல் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையும், ஓய்வு பெறும் அதிகாரிகளில் இதைப் பெறுபவர்களின் விகிதம் ஜவான்களைவிட அதிகம் என்று சுட்டிக்காட்டியது. அதே வருஷம் செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்து, பிரஷர் போன்ற சில நோய்களுக்கு முன்பு தந்த சதவீதம் குறைந்தது. தப்பாக வாங்குபவரைப் பிடியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையை நேராகப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு. ஆங்கிலம் தெரிந்து, விதி தெரிந்து, டாக்டரோடு சமமாக உட்கார்ந்து பேசத் தெரிந்தவருக்குக் கிடைப்பது, ‘நஹீன் சாப்’ என்று சொல்லிப் பழகிய சிப்பாய்க்குக் கிடைப்பதில்லை. விதியை இறுக்கினால் முதலில் நசுங்குவது அந்தச் சிப்பாய்தான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ரிலீஸ் போர்டுக்கு ஆறு மாதம் முன்பே, கேட்டகிரியில் இருக்கும் ஒவ்வொரு ஜவானோடும் காகிதம் படிக்கத் தெரிந்த ஒருவர் அவருடைய தாய்மொழியில் உட்கார்ந்து பேச வேண்டும். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே உதவி மையம் வைப்பதாக அறிவித்தது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். அந்த மேஜையில் வக்கீலோடு ஒரு பழைய கிளார்க்கும், ஏ.எம்.சி. என்கிற ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து வந்த ஒரு நர்சிங் அசிஸ்டென்ட்டும் இருக்கட்டும். எந்தத் தாள் எந்தப் பைலில் இருக்கும் என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். நம் மாவட்டத்தில் அப்படிப் பட்டவர்கள் எத்தனையோ பேர் சும்மா இருக்கிறார்கள். சங்கங்கள் மாதாமாதம் நடத்தும் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை, பென்ஷன் வரப்போகிறவர்களோடு போனில் பேச ஒதுக்கலாம்.

அடுத்த வருஷம் பென்ஷன் வரவிருக்கும் தம்பிகள், உங்கள் அண்ணனோ மாமாவோ அப்படி இருந்தால் அவர்களுக்குச் சொல்பவர்கள், இதைச் செய்யுங்கள்: எந்தெந்த ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனீர்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், வாக்குமூலப் பகுதியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். புரியவில்லை என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். கமெண்ட்டில் மெடிக்கல் பேப்பர், பி.பி.ஓ. எண், ஆதார் எதையும் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறேன்.