லிவர்பூலின் செங்கல் சுவருக்காக ஒரு வார்த்தை

லிவர்பூல் துறைமுகச் சுவர் என்றாலே எல்லோரும் துறைமுகப் பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லியின் கிரானைட் வேலையைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். கோணல்மாணலான பாறைத் துண்டுகளை அத்தனை நெருக்கமாகப் பொருத்திய கை அது. ஆனால் அவர் பொறுப்புக்கு வரும் முன்பே, 1816 முதல் 1821 வரை, கப்பல்கள் நின்று சரக்கு இறக்கும் துறையான பிரின்சஸ் டாக்கை வளைத்து ஜான் ஃபாஸ்டர் எழுப்பிய செங்கல் சுவர் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1715இல் திறந்த பழைய டாக், நகரத் தெருக்களுக்கு நடுவிலேயே கிடந்தது. கரையில் இறக்கிய சரக்கை எவரும் தொடலாம். திருட்டையும் சுங்க ஏய்ப்பையும் தடுக்கவே இந்த உயரமான சுவர் வந்தது. மூட்டை சுமக்கும் தொழிலாளி குறிப்பிட்ட வாசல் வழியாகத்தான் நுழையவும் வெளியேறவும் முடியும். அன்றன்றைக்குக் கூலிக்கு எடுத்த அந்த மனிதர்களின் தோள்வலுவை நம்பியவர்கள், அவர்களை நம்பவில்லை. பிற்காலத்தில், 1893 முதல் 1956 வரை, துறைமுகச் சாலையின் மேலே உயர்பாதை ரயில் ஓடியது. அதில் ஏறியவர்களுக்குச் சுவருக்கு அப்பால் நிற்கும் கப்பல்கள் தெரிந்தன. மழை நாளில் அந்த ரயில் பாதையின் அடியில் ஒதுங்கி நடந்த தொழிலாளர்கள் அதைத் தங்கள் குடை என்றே அழைத்தார்கள்.

2004இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதியை லிவர்பூல் 2021இல் இழந்தது. நீர்முனையில் எழும் புதிய கட்டுமானங்கள்தான் காரணம். பட்டம் போனதற்காகப் பலர் வருந்தினார்கள். எனக்குச் சுவரைப் பற்றித்தான் கவலை. சட்டப் பாதுகாப்பு இருந்தாலும், புதிய குடியிருப்புக்கு ஒரு வழி, வண்டிகளுக்கு ஒரு வழி என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோரிக்கையும் நியாயமாகவே தெரியும். சுவர் துண்டு துண்டாகப் போவதும் அப்படித்தான்.

பழுது பார்ப்பதிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். சிமென்ட்டைப் பூசினால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கும். உறைபனிக் காலத்தில் அதன் முகம் உதிரும். சிமென்ட் பூச்சு ஒரு பாதுகாப்பு என்று எவர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

வழி திறந்தே ஆக வேண்டுமென்றால், பெயர்த்தெடுக்கும் ஒவ்வொரு செங்கல்லையும் அதே சுவரின் பழுதுக்கென்று சேமிக்க வேண்டும். இதை அனுமதி உத்தரவிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும்.