ஹீரோயினுக்கும் கொஞ்சம் காமெடி கொடுங்கப்பா

தமிழில் ரொமான்டிக் காமெடி என்று நாம் கொண்டாடிய படங்களில் பாதிக்கு மேல் எடுத்துப் பாருங்கள். ரொமான்ஸ் ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் நடுவில் இருக்கும். காமெடி ஹீரோவுக்கும் சந்தானத்துக்கும் நடுவில் இருக்கும். 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010) இன்றைக்கு டிவியில் ஓடினாலும் நான் சேனலை மாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் படத்தின் உண்மையான ஜோடி ஆர்யாவும் சந்தானமும்தான். 'நண்பேன்டா'வை விடப் பெரிய ஐ லவ் யூ அதில் கிடையாது. பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிற பாஸ்கரனை மேற்பார்வைக்கு வந்த நயன்தாரா பிடிக்கும் இடத்தில், இந்தப் பெண்ணும் விளையாட்டில் இருக்கிறாள் என்று ஒரு நம்பிக்கை வரும். கொஞ்ச நேரத்தில் சலூனுக்கும் டுடோரியலுக்கும் கதை போய்விடும். அவர் அழகாக ஓரத்தில் நிற்பார்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் எத்தனை காதல் ஜோடிகள் இருந்தாலும், இன்றைக்கும் நாம் பேசுவது நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் அந்தக் காட்சியைத்தானே? அந்தப் படத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காதல் ஒரு ரூமில், சிரிப்பு பக்கத்து ரூமில் என்கிற ஏற்பாடு அதற்குப் பின் வந்த எல்லோருக்கும் வசதியாகிப் போனது. காமெடி டிராக் என்று பெயரே வைத்துத் தனித் தண்டவாளம் போட்டோம்.

அதனால் இந்த வகைப் படங்களுக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அந்தப் பெண் என்னைச் சிரிக்க வைக்கிறாளா? அவளுக்கும் பொய் சொல்ல, சொதப்ப, அசடு வழிய உரிமை இருக்கிறதா? காதலில் விழுந்தால் இரண்டு பேருமே கொஞ்சம் கிறுக்காகிறார்கள். அவன் மட்டும் கிறுக்கு, அவள் பரிசுக்கோப்பை என்றால் அது பாதிப் படம்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் சில படங்களின் மவுசு ஏறுகிறது, சிலது இறங்குகிறது. இயக்குநர் எம். ராஜேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் படம் 'சிவா மனசுல சக்தி' (2009). ரயிலில் சந்திக்கிறார்கள். கூரியர் பையன் தன்னை ராணுவ அதிகாரி என்கிறான். ரேடியோவில் வேலை பார்க்கும் பெண் தன்னை ஏர் ஹோஸ்டஸ் என்கிறாள். இரண்டு பேரும் புளுகர்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் காலை ஒருவர் வாரும் அந்தச் சமத்துவம் அப்போது புதிது. கடைசி அரைமணி நேரத்தை இன்று பார்த்தால் நெளிய வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் அந்த முதல் பாதியை எழுதியவர் அடுத்தடுத்த படங்களில் சந்தானம் பக்கம் சாய்ந்தார், படங்களும் ஓடின. 'சிவா மனசுல சக்தி'யின் பாட்டு வரியையே தலைப்பாக்கி 2012-ல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' எடுத்தார். அதில் ஹன்சிகா சொன்ன ஒரு ஜோக்காவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அதே 2012-ல்தான் பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி'யும் வந்தது. குறும்படமாக இருந்ததை முழுப்படமாக நீட்டியது. சித்தார்த் கேமராவைப் பார்த்து நம்மிடம் நியாயம் கேட்டுக்கொண்டே இருப்பார், கொஞ்சம் ஓவர்தான். ஆனால் சண்டைகள் அசல். யார் முதலில் போன் பண்ணுவது, ஏன் பண்ணவில்லை, பண்ணியும் ஏன் அப்படிப் பேசினாய் என்று போகும் அந்தச் சில்லறைச் சண்டைகளை அதற்கு முன் யாரும் இவ்வளவு மதித்ததில்லை. அமலா பாலின் அப்பா அம்மா பிரிந்துவிடலாமா என்று இருக்கும் நிலையில், அப்பா சுரேஷ் தன் மனைவியை மறுபடி காதலிக்கக் கிளம்புவார். எனக்கு அந்தக் கிளைக்கதைதான் மெயின் படம்.

சரி, நித்யா மேனனுக்கு வருவோம்.

'ஓகே கண்மணி' (2015) வந்தபோது எல்லோரும் லிவிங் டுகெதர் சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மும்பை, பி.சி. ஸ்ரீராமின் கேமரா, ரஹ்மானின் இசை எல்லாம் இருந்தும் எனக்குப் பிடித்தது சர்ச்சில் நடக்கும் அந்தக் கல்யாணக் காட்சி. இந்தப் பக்க வரிசையில் அவன், அந்தப் பக்க வரிசையில் அவள், நடுவே போன். பேச்சைவிட நித்யாவின் முகம் அதிகம் பேசும். அவர் நடித்த தாரா எதையும் ஹீரோவுக்கு எதிர்வினையாகச் செய்வதில்லை. அவளுக்குப் பாரிஸ் போய்ப் படிக்க வேண்டும், அதற்கிடையில் இவனும் இருக்கட்டுமே என்கிற தோரணை. பிரகாஷ்ராஜும் லீலா சாம்சனும் வரும் பகுதி வேறு எடை கொண்டது. மறதி நோய் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கணவரைப் பார்த்த பிறகு, இளசுகளின் 'கல்யாணமே வேண்டாம்' வசனம் தானாகவே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். மணிரத்னம் அதற்கு லெக்சர் அடிக்கவில்லை.

'திருச்சிற்றம்பலம்' (2022) இன்னும் ஒரு படி மேலே. உணவு டெலிவரி செய்யும் பையன், அப்பாவோடு பேச்சில்லாத வீடு, நடுவில் பாரதிராஜா தாத்தா, அதே குடியிருப்பில் தோழி ஷோபனாவாக நித்யா. கதை இரண்டாவது ரீலிலேயே நமக்குத் தெரிந்துவிடும். அவன் வேறொரு பெண்ணிடம் காதலைச் சொல்லக் கிளம்பும்போது தைரியம் கொடுத்து அனுப்புகிறவளே ஷோபனாதான். கலாய்ப்பது அவள், திட்டுவது அவள், ஒதுங்கி நின்று வலியை விழுங்குவதும் அவள். இதெல்லாம் ஒரே முகத்தில் ஒரே நிமிடத்தில் நடக்கும். தனுஷ் இடத்தைத் தாராளமாக விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரு பெரிய ஹீரோ தன் படத்தில் பயந்தவனாக, சொதப்பலாக இருந்துகொண்டு கூட நடிக்கும் பெண்ணைக் கெட்டிக்காரியாக விடுவது நம்மூரில் சாதாரண விஷயமில்லை. கடைசியில் கனடா வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்பது மட்டும் என் குறை.

இந்தப் படத்துக்காக நித்யாவுக்குத் தேசிய விருது அறிவித்தபோது இங்கேயே பெரிய சண்டை நடந்தது. 'கார்கி'க்காக சாய் பல்லவிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். சாய் பல்லவி அதில் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு அடியில் ஒரு நினைப்பு இருந்தது: அழுதால்தான் நடிப்பு, சிரிக்க வைத்தால் அது ஏதோ கூடவே பிறந்த குணம். கண்ணீருக்குக் கிளிசரின் இருக்கிறது. டைமிங்குக்கு என்ன இருக்கிறது?

'ஓ மை கடவுளே' (2020) பலருக்கு உயிர். அஸ்வத் மாரிமுத்துவின் முதல் படம், காதலர் தினத்தன்று வந்தது. சின்ன வயதுத் தோழியைக் கட்டிக்கொண்டவனுக்கு முத்தம் கொடுக்கப் போனாலே சிரிப்பு வந்துவிடும். அந்த ஒரு ஐடியாவுக்கே சல்யூட். விஜய் சேதுபதியும் ரமேஷ் திலக்கும் கடவுளாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது ஜோர். ஆனால் அவர்கள் ஒரு டிக்கெட்டாகக் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பு முழுக்க அவனுக்குத்தான். அவளுக்கும் ஒரு டிக்கெட் கொடுத்திருந்தால் அவள் யாரைத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

'லவ் டுடே' (2022) அந்த விஷயத்தில் பாதி ஜெயிக்கிறது. கல்யாணம் பேச வந்த பையனையும் பெண்ணையும் ஒரு நாளைக்கு போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் சத்யராஜ். அவ்வளவுதான் கதை. தியேட்டரில் ஜோடி ஜோடியாக வந்தவர்கள் இடைவேளையில் பாப்கார்ன் க்யூவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றதை நான் பார்த்தேன். முதல் பாதியில் இருவர் குட்டும் சமமாக உடைகிறது. பிறகு போகப்போக, அவன் செய்தவை எல்லாம் வாலிப விளையாட்டு, அவள் செய்தவை மட்டும் விசாரணைக்குரியவை என்று தராசு சாய்கிறது. அவன் நம்பியதே பெரிய தியாகமாகிவிடுகிறது. இதையெல்லாம் மீறி அந்தப் படத்தில் எனக்குத் தங்கியது யோகி பாபு. போனைக் காட்ட மறுக்கும் அவர் மேல் நமக்கும் சந்தேகம் வரும். காரணம் தெரிந்ததும், இத்தனை படங்களில் அவர் தோற்றத்தை வைத்து நாம் சிரித்த சிரிப்பெல்லாம் தொண்டையில் சிக்கும்.

'குட் நைட்' (2023) என் கேள்விக்கு பெயிலாகிற படம். மீத்தா ரகுநாத் அதிகம் பேசுவதே இல்லை, ஜோக்கெல்லாம் மணிகண்டனுக்கும் மச்சான் ரமேஷ் திலக்குக்கும்தான். இருந்தாலும் பிடிக்கும். ஏனென்றால் அவள் பேசாததுதான் அங்கே பிரச்சினை. புருஷன் குறட்டை விடுகிறான், தூக்கம் போகிறது, சொன்னால் அவன் மனசு புண்படுமே என்று வாயை மூடிக்கொள்கிறாள். வில்லன் இல்லை, எக்ஸ் இல்லை, ஜாதி இல்லை. மூக்கு மட்டும்தான். கல்யாணமான எவரும் குறட்டைக்குப் பதில் தன் வீட்டு விஷயம் ஒன்றை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகம் பேசப்படாத ஒன்று, 'காதலும் கடந்து போகும்' (2016). கொரியப் படத்தின் உரிமை வாங்கி நலன் குமாரசாமி எடுத்தது. விழுப்புரத்திலிருந்து வந்து சென்னையில் வேலை பறிபோன பெண், எதிர்வீட்டில் தோற்றுப்போன அடியாள். விஜய் சேதுபதி அடிவாங்கியபடியே கெத்து காட்டுவதும், மடோனா அவரைக் கொஞ்சமும் மதிக்காமல் இருப்பதும்தான் காமெடி. காதல் என்ற சொல்லே தேவைப்படாமல் படம் முடிந்துவிடும்.

மலையாளத்தில் ஒன்று சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 'பிரேமலு' (2024). சேலத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஹைதராபாத்தில் அலையும் சச்சினாக நஸ்லென். பெரிய திருப்பம் ஒன்றும் கிடையாது. மமிதா பைஜுவின் ரீனுவுக்கு எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும், சச்சின் அதில் எதுவுமே இல்லை. அவள் மெதுவாக இடறுவதைப் பார்ப்பதுதான் சுகம். எதையாவது சொல்லிவிட்டு 'ஜஸ்ட் கிட்டிங்' என்கிற ஆதி மாதிரி ஒரு டீம் லீடர் ஐடி கம்பெனிகளில் எல்லா மாடியிலும் இருக்கிறார் என்று அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. மனோரமாவையும் கோவை சரளாவையும் போலச் சிரிக்க வைத்த பெண்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களுக்குக் காமெடி கொடுத்தோம், காதல் கொடுக்கவில்லை. ஹீரோயின்களுக்குக் காதல் கொடுத்தோம், காமெடி கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துப் பார்த்தது பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995). கமலுக்கு ஜோடி கோவை சரளா, இருவரும் பேசுவது கொங்குத் தமிழ். புருஷன் பெண்டாட்டி பிக்கல் பிடுங்கலில் அவ்வளவு ஆசை தெரியும். நவீனப் பட்டியலில் முப்பது வருஷத்துப் பழைய படத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 'திருச்சிற்றம்பலம்' பார்த்த கையோடு அதையும் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.